செகண்டரி டிஎன்எஸ் என்று விற்றார்கள், கிடைத்தது முதல் நாள் நகல்

ஆண்டுச் சந்தாவில் செகண்டரி நேம்சர்வர் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். நேம்சர்வர் என்பது ஒரு டொமைன் பெயருக்குரிய முகவரிகளைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர். பதிவுகளை நாம் திருத்துவது பிரைமரியில். அதிலிருந்து நகலெடுத்துத் தானும் பதில் சொல்வது செகண்டரி. விற்ற நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே சரக்கை வேறு பலரும் விற்கிறார்கள்.

சொன்னது: இரண்டு ஊர்களில் இரண்டு சர்வர், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கொடுத்தது: முதல் நாள் ஒரே ஒரு முறை ஸோனை (டொமைனின் பதிவுத் தொகுப்பை) இழுத்து, அதைப் பிரைமரியாகவே ஏற்றிவைத்த ஒரு பெட்டி. பெயர்தான் இரண்டு. ஐபி முகவரிகள் 10, 11 என்று அடுத்தடுத்த எண்களில் முடிந்தன. டிரேஸ்ரூட் (சர்வர் வரை போகும் வழியைக் காட்டும் கட்டளை) போட்டால் சர்வருக்கு முந்தைய கடைசித் தாவல் இரண்டுக்கும் ஒன்றே.

மெயில் சர்வரை மாற்றிய அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. எங்கள் பிரைமரியில் எம்எக்ஸ் பதிவு (கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பது) மாறி, சீரியலும் (ஸோனின் பதிப்பு எண்) ஏறியிருந்தது. அவர்கள் பக்கம் பழைய சீரியலே. நேம்சர்வர் மூன்றில் இரண்டு அவர்களுடையவை என்பதால், உலகத்துக்குப் பெரும்பாலும் பழைய பதில்தான் போனது. பழைய மெயில் சர்வரும் அணைக்கப்படாமல் இருந்ததால் கடிதங்களைச் சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டது. இணையதள முகவரி மாறாததால் தளம் எல்லோருக்கும் ஒழுங்காகத் திறந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

புகார் கொடுத்தால் “48 மணி நேரம் பொறுங்கள், பரவ வேண்டும்” என்றார்கள். டிடிஎல், அதாவது ஒரு பதிலை நினைவில் வைத்திருக்கலாகும் நேரம், 3600 வினாடி. ஒரு மணி நேரம் கழிந்தால் ரிசால்வர்களின் (பயனருக்காக நேம்சர்வரைக் கேட்டுச் சொல்லும் சர்வர்கள்) கேஷ் காலாவதியாகி, அவை மறுபடி வந்து கேட்கும். அதற்குப் பிறகும் பழைய பதில் வருகிறது என்றால் சர்வரே பழையதைத்தான் தருகிறது. 48 மணி நேரக் கதை நம்மை இரண்டு நாள் வாயடைக்க மட்டுமே உதவும்.

அசல் ஆதாரம் எஸ்ஓஏ பதிவில் (ஸோனின் சீரியலும் கால வரம்புகளும் உள்ள பதிவு) இருக்கிறது. எக்ஸ்பயர் மதிப்பு 1209600 வினாடி, அதாவது 14 நாள். உண்மையான செகண்டரிக்கு அத்தனை நாள் பிரைமரியிடமிருந்து பதிலே வராவிட்டால், அந்த ஸோனுக்குப் பதில் சொல்வதை நிறுத்தி சர்வ்ஃபெயில் (பிழைப் பதில்) தர வேண்டும். எங்கள் பிரைமரியின் பதிவேட்டில் முதல் நாளுக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு எஸ்ஓஏ கேள்விகூட இல்லை. ஆனாலும் ஏழாவது வாரத்திலும் ஏஏ ஃபிளாக்குடன் (இந்த ஸோனுக்கு நானே அதிகாரபூர்வம் என்ற குறி) பதில் வந்துகொண்டிருந்தது. பிரைமரியாக ஏற்றிய ஸோனுக்கு மட்டும்தான் எக்ஸ்பயர் கிடையாது.

ஆகவே முதலில் ஒரு சோதனை ஸோனைக் கொடுங்கள். ரெஃப்ரெஷ் (மாற்றம் உண்டா என்று பார்க்கும் இடைவெளி) 600, ரீட்ரை (பார்க்க முடியாதபோது மறுமுயற்சி) 300, எக்ஸ்பயர் 7200 வினாடி. இதைவிடப் பெரிய மதிப்புகளைத்தான் ஏற்போம் என்று சிலர் சொல்லலாம். எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரு டிஎக்ஸ்டி (வெறும் உரை) பதிவைச் சேர்த்து, சீரியலை ஏற்றி, ரீலோட் செய்யுங்கள். நோட்டிஃபை (ஸோன் மாறியது என்ற அறிவிப்பு) போனதும் அவர்கள் எஸ்ஓஏ கேட்டு, பிறகு டிசிபி 53இல் ஏஎக்ஸ்எஃப்ஆர் (முழு ஸோன் நகல்) அல்லது ஐஎக்ஸ்எஃப்ஆர் (மாற்றங்கள் மட்டும்) கேட்பது பதிவேட்டில் தெரிய வேண்டும். டிக் கட்டளையில் (நேம்சர்வரை நேரே கேட்கும் கருவி) நோரிகர்ஸ் (வேறெங்கும் கேட்காமல் பதில் சொல் என்பது) போட்டு ஒவ்வொரு நேம்சர்வரையும் தனித்தனியே கேட்டு, சீரியலை ஒப்பிடுங்கள். அடுத்து ஃபயர்வாலில் அவர்களின் முகவரிகளை யுடிபி, டிசிபி இரண்டிலும் அடைத்துத் தடுத்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் தாண்டியும் பதில் வந்தால் அது செகண்டரி அல்ல.

இடத்தையும் பாருங்கள். செகண்டரிகள் வெவ்வேறு நெட்வொர்க்கில், தள்ளித் தள்ளி இருக்க வேண்டும் என்று 1997இலேயே ஆர்எஃப்சி 2182 (இணைய நடைமுறை ஆவணம்) சொல்லிவிட்டது. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் நேம்சர்வர்கள் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. ஒரு ரவுட்டர் அமைப்பில் செய்த தவறால் அதன் தளங்கள் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் கிடைக்காமல் போயின.

பழியைப் போடுமுன் நம் பக்கமும் பார்த்துவிட வேண்டும். யுடிபி 53ஐ மட்டும் திறந்து டிசிபியை மறந்திருப்போம். டிசிக் சாவி (இரு சர்வர்களும் ஒன்றையொன்று உறுதிசெய்யும் ரகசியச் சாவி) சரியாக இருந்தும் கடிகாரம் 300 வினாடிக்கு மேல் பிசகியிருந்தால் டிரான்ஸ்ஃபர் மறுக்கப்படும். என்ஏடி (NAT, முகவரியை மாற்றி அனுப்பும் ரவுட்டர் ஏற்பாடு) பின்னால் இருக்கும் பிரைமரியின் நோட்டிஃபை வேறு முகவரியிலிருந்து போய்ச் சேரும். அவர்கள் பட்டியலில் அது இருக்காது. ஆண்டில் தொடங்கும் சீரியலில் 2024 என்பதை 2042 என்று தட்டி ஏற்றியவர்களும் உண்டு. பிறகு எண்ணைக் குறைத்தால் செகண்டரி அதைப் பழையது என்று விட்டுவிடும். அதற்கு மருந்து: 2147483647 கூட்டி, எல்லா செகண்டரியும் அதை வாங்கும்வரை காத்திருந்து, பிறகு சரியான எண்ணைப் போடுவது.

விலகும்போது வரிசை முக்கியம். முதலில் ரெஜிஸ்ட்ராரிடமும் ஸோனிலும் அவர்களின் என்எஸ் (நேம்சர்வர்) பெயர்களை எடுங்கள். டாட் காம் மேல்ஸோனில் என்எஸ் டிடிஎல் 172800, அதாவது இரண்டு நாள். அதோடு நம் ஸோனின் என்எஸ் டிடிஎல்லும் கழிய வேண்டும். அதுவரை கணக்கை மூடச் சொல்லாதீர்கள். மூடிய கணக்கில் நம் டொமைன் பெயரை வேறொருவர் தன் ஸோனாகச் சேர்க்க அந்த நிறுவனம் விட்டால், அவர் தரும் பதில்தான் நம் பதிலாக வெளியே போகும். அந்த டிடிஎல்கள் கழிந்த பிறகு அலவ்-டிரான்ஸ்ஃபரிலிருந்து (ஸோனை நகலெடுக்க அனுமதி பெற்றோர் பட்டியல்) அவர்களின் முகவரிகளையும் டிசிக் சாவியையும் நீக்குங்கள்.