பிரீகாஸ்ட் தளத்தைப் பலப்படுத்தித் தருகிறேன் என்று 6 லட்சத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள், உஷார்!

6 லட்சம் போச்சு. தளமோ வேலைக்கு முன்பு இருந்ததைவிட மோசமாகக் கிடக்கிறது. இனி யாரும் இப்படி மாட்டக் கூடாது, அதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலக மாடியின் தளம் ஹாலோகோர் ஸ்லாப், அதாவது தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும், உள்ளே நீளவாக்கில் துளைகள் உள்ள கான்கிரீட் பலகை. சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்கும் கணக்கில் போட்டது. அங்கே கோப்பு ரேக்குகள் வைக்க 500 கிலோவாவது தாங்க வேண்டும். கட்டட ஒப்பந்தக்காரர்களைப் பிடித்துத் தரும் ஒரு செயலியில் பதிந்தேன். வந்தவர் "சரிபார்க்கப்பட்டவர்" என்ற முத்திரையோடு வந்தார்.

அவர் பேசியதைவிட நடந்துகொண்ட விதம்தான் நம்ப வைத்தது. பழைய வரைபடத்தை அவராகவே கேட்டு வாங்கினார். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு ஸ்லாப்பாகச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "கார்பன் ஃபைபர் பட்டை சார், இரும்புக் கம்பியைவிட அஞ்சு மடங்கு பலம். தளத்துக்கு அடியில ஒட்டிட்டா அப்புறம் நீங்க கவலையே பட வேணாம்" என்று சோதனை அறிக்கையை நீட்டினார். பட்டை இழுவையில் தாங்கும் பலம் 2,800 மெகாபாஸ்கல் என்று போட்டிருந்தது. அந்த எண் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பட்டை அறுந்து போவதில்லை. ஒட்டு விட்டால் அத்தனை பலமும் வீண்.

வேலை முடிந்து கொஞ்ச நாளிலேயே ஓரம் தூக்கிக்கொண்டது. நகத்தை விட்டு இழுத்தால் வருகிறது, பின்பக்கம் முழுக்கப் பழைய பெயிண்ட்! கான்கிரீட்டைக் கிரைண்டர் போட்டுச் சுரண்டவே இல்லை. பெயிண்ட் மேலேயே எபாக்ஸி பசையைப் பூசி ஒட்டியிருக்கிறார்கள். இதற்கா 6 லட்சம்?

போன் செய்தால் "எபாக்ஸி இன்னும் இறுகணும் சார்" என்றார். அப்புறம் "பெயிண்ட்தான் உரியுது, பட்டை இல்ல". அப்புறம் போனையே எடுக்கவில்லை. செயலிக்காரர்கள், "நாங்கள் அறிமுகம் மட்டுமே செய்கிறோம், ஒப்பந்தம் உங்களுக்குள்" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். கடைசியில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மூடியும் விட்டார்கள். என்ன தீர்ந்தது? என் 6 லட்சம்தான்.

வேறொரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை வரவழைத்துப் பார்த்தோம். ஒட்டு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று இழுத்துப் பார்க்கும் சோதனையில் குறைந்தது 1.4 மெகாபாஸ்கல் தாங்கி, கான்கிரீட்டே பிய்ந்து வர வேண்டுமாம். எங்கள் பட்டை பெயிண்டோடு சுலபமாகக் கழன்றது. பட்டையின் முனையில் போல்ட் அடிக்க ட்ரில் போட்டவர்கள், ஸ்லாப்புக்குள் இழுத்து இறுக்கி வைத்திருக்கும் இழுவிசைக் கம்பி ஒன்றையும் அறுத்துவிட்டார்கள். ஹாலோகோரின் உயிரே அந்தக் கம்பிகள்தான். அது மட்டுமில்லை, இந்த ஸ்லாப்புகளில் பொதுவாக ஸ்டிரப் கம்பி (குறுக்கே போடும் வளையக் கம்பி) கிடையாது. பாரம் கூடினால் தாங்கி நிற்கும் முனைக்குப் பக்கத்தில் ஷியரில், அதாவது வெட்டுவிசையில், சாய்வாக விரிசல் விடக்கூடும். அடியில் நீளவாக்கில் ஒட்டும் பட்டை வளைவுக்குத்தான் உதவும், அந்த விரிசலைத் தடுக்காது. சரியாக ஒட்டியிருந்தாலும் முனைகளைத் தனியாகக் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவசரத்தில் சில விஷயங்கள் மட்டும். எஞ்சினியர் கையெழுத்திட்ட கணக்கு இல்லாமல் ஒரு பட்டைகூட ஒட்ட விடாதீர்கள், அந்தக் கணக்கில் ஷியர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கேனர் வைத்துக் கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் ட்ரில்லைத் தொட விடாதீர்கள். நடுவில் ஒரு தூண் கொடுத்தால் போதும் என்பவரையும் நம்பாதீர்கள், மேல்பக்கம் கம்பி இல்லாத ஸ்லாப் தூணுக்கு மேலே விரிசல் விடும். மேலே 50 மில்லிமீட்டர் கான்கிரீட் போடலாம் என்றால், அதுவே சதுர மீட்டருக்கு 120 கிலோ, அந்தப் பாரத்தையும் இதே ஸ்லாப்தான் சுமக்க வேண்டும். பாக்கிப் பணத்தை இழுவைச் சோதனை முடிந்த பிறகு கொடுங்கள்.