வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டம்: செறிபொருள் இயற்பியலா, கம்ப்யூட்டர் விஷனா?

பினாங்கின் தொழிற்சாலைப் பகுதியான பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிய நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தத் துறையை எடுக்கலாம்? நான் எடுத்தது செறிபொருள் இயற்பியல், அதாவது திடப்பொருள் போன்றவற்றின் பண்புகளை அணு அளவில் ஆராயும் துறை, அதிலும் கணினியில் கணக்கிடும் பக்கம். அப்போது கைக்கு எட்டிய இன்னொரு வழி கம்ப்யூட்டர் விஷன், படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கணினியைப் பழக்கும் துறை. அக்கா கோலாலம்பூரில் தொழிலாளர் பொருளாதாரத்தில் ஆய்வு செய்கிறார் என்பதால் அதையும் கொஞ்சம் தொட்டுப் போகிறேன். இதில் நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் தள்ளிவிடலாம். வேலை வாய்ப்பும் சம்பளமும் முக்கியம் என்றால் விஷன்தான். பினாங்கில் இருந்துகொண்டு அதில் சந்தேகப்பட வேண்டியதே இல்லை. சில்லுகளையும் சர்க்யூட் போர்டுகளையும் கேமரா வைத்துப் பரிசோதிக்கும் இயந்திரங்களைச் செய்யும் விட்ராக்ஸ் மாதிரி நிறுவனங்கள் இந்த மாநிலத்திலேயே வளர்ந்தவை. நுழைவதும் சுலபம், பைத்தான் தெரிந்தவர் சில நாளில் படங்களைக் கற்ற ஏதாவது ஒரு கணினி மாதிரியை (model) ஓடவிட்டுப் பார்த்துவிடலாம். செறிபொருளுக்கு வந்தால் குவாண்டம் இயக்கவியலைத் தூசி தட்டி எடுக்காமல் முதல் படி ஏற முடியாது. சரி, அது அவ்வளவுதான்.

பகுதி நேரக்காரருக்கு உண்மையில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது வேறு ஒன்று: நீங்கள் தொழிற்சாலையில் இருக்கும் நேரத்தில் உங்கள் ஆய்வு எவ்வளவு வேகமாகப் பழசாகிறது? ஷிப்ட், ஓவர்டைம், பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் வழியில் பாலத்து நெரிசல் எல்லாம் போக நமக்குக் கிடைப்பது சில இரவுகளும் ஞாயிற்றுக்கிழமையும். முழு நேர மாணவர் மூன்று நான்கு ஆண்டில் முடிப்பதை நாம் ஐந்தாறு ஆண்டு இழுப்போம். அத்தனை ஆண்டும் தலைப்பு உயிரோடு இருக்க வேண்டும்.

விஷனில் அதுதான் சிக்கல். தொழிற்சாலைக் குறைபாடுகளைக் கண்டுபிடிக்கும் ஆய்வையே எடுத்துக்கொள்வோம், நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் முதலில் தோன்றும். இதற்கென்று எம்விடெக் ஏடி என்ற படத்தொகுப்பு 2019இல் வெளிவந்தது. 15 வகைப் பொருட்கள், 5,000க்கு மேல் படங்கள். நல்ல பொருளின் படங்களை மட்டும் காட்டிப் பழக்கிவிட்டுக் கெட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். நல்ல சவால்தான். ஆனால் 2022இலேயே பேட்ச்கோர் என்ற முறை, படம் நல்லதா கெட்டதா என்று பிரிப்பதில் 99 சதவீத மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டது. 2019இல் அதே தலைப்பில் பகுதி நேரமாகப் பதிந்தவர், பாதி வழியில் எதை மேம்படுத்துவதாகச் சொல்வார்? அடுத்து 2023 ஏப்ரலில் மெட்டா வெளியிட்ட 'செக்மென்ட் எனிதிங்' என்ற மாதிரி. 1.1 கோடி படங்கள், அவற்றில் பொருட்களின் எல்லையைக் குறிக்கும் 100 கோடிக்கு மேற்பட்ட மறைப்புகள் (masks) வைத்துப் பயிற்றுவித்தது. படத்திலிருந்து பொருளை வெட்டிப் பிரிப்பதை ஆய்வாக வைத்திருந்த என் நண்பர் ஒருவர், அந்த மாதம் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து முன்மொழிவை முதல் பக்கத்திலிருந்து திருத்த வேண்டியதாயிற்று.

2012இல் படங்களை வகைப்படுத்தும் அலெக்ஸ்நெட் மாதிரியை இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டுகளில்தானே பயிற்றுவித்தார்கள், வீட்டிலிருந்தே செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. சொந்தத் தொழிற்சாலைப் படங்களை வைத்துச் செய்தால் போட்டி குறையும், உண்மைதான். ஆனால் அந்தப் படங்களை வெளியே கொண்டுபோக நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டுரையில் ஒரு படம்கூடப் போட முடியாமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் பக்கம். அடர்த்திச் சார்புக் கோட்பாடு, சுருக்கமாக டிஎஃப்டி: ஒரு பொருளில் எலக்ட்ரான்கள் எப்படி அமைகின்றன என்று கணக்கிடும் முறை. கோன், ஷாம் இருவரும் அதன் சமன்பாடுகளை எழுதியது 1965இல். இன்றும் மிகப் பரவலாக ஓடும் பிபிஇ தோராயம் 1996இல் வந்தது. அதன் குறைகூட எல்லோருக்கும் மனப்பாடம்: சிலிக்கனின் பட்டை இடைவெளி (மின்சாரம் கடத்த எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல்) அறை வெப்பத்தில் அளந்தால் 1.12 எலக்ட்ரான் வோல்ட், பிபிஇ சொல்வது ஏறக்குறைய 0.6. குறை எங்கே, எவ்வளவு என்று தெரிந்த கருவியை நம்பி வேலை செய்யலாம். மூன்று மாதம் தணிக்கை, வாடிக்கையாளர் வருகை என்று ஆய்வைத் தொடாமல் விட்டுத் திரும்பி வந்தாலும், விட்ட இடத்தில் அது அப்படியே இருக்கும்.

நான் பார்ப்பது பிஸ்மத் டெல்லுரைடு குடும்பம், வெப்பத்தை மின்சாரமாக்கும் பொருட்கள். மென்பொருள் குவாண்டம் எஸ்பிரெசோ. இலவசம், லினக்ஸ் உள்ள எந்தக் கணினியிலும் ஓடும். முதலில் கணக்கில் சேர்க்கும் தள அலைகளின் (plane waves) வெட்டு ஆற்றலை, அதாவது உச்ச வரம்பை, 40, 50, 60 ரிட்பெர்க் என்று ஏற்றிக்கொண்டே போய், மொத்த ஆற்றல் அசையாமல் நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அப்புறம் கே-புள்ளிகளின், அதாவது எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிடும் மாதிரிப் புள்ளிகளின், வலையை அதே மாதிரி நெருக்கிப் பார்க்க வேண்டும். பிஸ்மத் கனமான அணு என்பதால் ஸ்பின்-ஆர்பிட் விளைவைச் (எலக்ட்ரானின் ஸ்பின்னும் அதன் இயக்கமும் ஒன்றையொன்று பாதிப்பதை) சேர்க்காவிட்டால் எலக்ட்ரான் ஆற்றல்களின் பட்டை அமைப்பே தப்பாக வரும். சேர்த்தால் கணக்கு பல மடங்கு கனமாகிவிடும். இதெல்லாம் அலுப்பான வேலை, ஆனால் தூங்கும் நேரத்தில் தானாக நடக்கும் வேலை. உள்ளீட்டுக் கோப்பில் இத்தனை வினாடி ஆனதும் ஒழுங்காக நிறுத்திக்கொள் என்று ஒரு வரி எழுதலாம். காலை வேலைக்குக் கிளம்புமுன் நின்றிருக்கும், இரவில் அங்கிருந்தே தொடரலாம். எனக்கு அந்த ஒரு வரி பெரிய உபகாரம்.

எல்லை எங்கே இடிக்கும் என்றால் அணுக்களின் எண்ணிக்கையில். எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் கணக்கு நேரம் சுமார் எட்டு மடங்காகும். ஐந்து அணுக்கள் உள்ள அடிப்படைக் கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அலகு) வீட்டுக் கணினிக்குப் போதும். வேறு தனிமத்தின் அணு ஒன்றைக் கலந்து பார்க்கப் பெரிய கூடு கட்டினால் பல்கலைக்கழகக் கணினித் தொகுதியில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அதே துறையின் சோதனைப் பக்கத்தை நம்மைப் போன்றவர்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். ஆய்வகம் திறந்திருக்கும் நேரமும் நம் வேலை நேரமும் ஒன்று. அளவெடுக்க வேண்டிய பொருளின் சிறு துண்டில் வெள்ளிப் பசையால் நான்கு மெல்லிய தங்கக் கம்பிகளை ஒட்டி, திரவ நைட்ரஜனில் 77 கெல்வினுக்கு இறக்கும்போது ஒன்று விட்டுப்போனால் அந்த நாள் போச்சு. முழு நேர மாணவர் மறுநாள் ஒட்டிக்கொள்வார். நமக்கு அடுத்த விடுப்பு எப்போது என்று பார்க்க வேண்டும்.

பொருளாதாரத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அக்காவிடம் கேட்டது, அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழசாகும் வேகத்தில் அது என் துறையைவிட நிதானம். குறைந்தபட்சச் சம்பளம் பற்றி பொருளாதார வல்லுநர்கள் கார்டும் குரூகரும் 1994இல் எழுதிய கட்டுரையோடு இன்னும் வாதாடுகிறார்கள். கார்டுக்கு நோபல் கிடைத்ததே 2021இல்தான். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்துக்கு மாதம் 900 வெள்ளியாக (ரிங்கிட்) தொடங்கி 2025இல் 1,700 வரை ஏறிய கதையில் ஆய்வுக்கு இடம் நிறையவே இருக்கிறது. வணிகப் பக்கம் போனால் 8542 என்ற சுங்கக் குறியீட்டின் கீழ் வரும் சில்லு ஏற்றுமதியே பினாங்குக்காரருக்கு ஒரு தலைப்பு, அந்தத் தரவும் ஐநாவின் வணிகத் தரவுத்தளமான காம்டிரேடில் கிடைக்கிறது. ஆனால் தனிநபர் அளவிலான தரவு வேண்டுமென்றால் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும் என்கிறார் அக்கா. கட்டுரை அனுப்பிவிட்டு மதிப்பீட்டாளர் பதிலுக்குக் காத்திருப்பது இன்னொரு தனிக் கதையாம்.

முழு நேரமாக, உதவித்தொகையோடு, நல்ல ஜிபியு வைத்திருக்கும் குழுவில் இடம் கிடைத்தால் நான் மேலே சொன்னது பாதிக்கு மேல் பொருந்தாது, விஷனுக்கே போங்கள். வேலையை விட முடியாதவர்கள் டிஎஃப்டி பக்கம் வரலாம். பதியும் முன் மேற்பார்வையாளரிடம் ஒன்றை மட்டும் நேராகக் கேளுங்கள்: பகுதி நேர மாணவருக்குக் கணினித் தொகுதியில் கணக்குத் தருவார்களா, வளாகத்துக்கு வெளியிலிருந்து இரவில் நுழைய முடியுமா?

ஒரு விஷயத்தில் எனக்கே உறுதி இல்லை. 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் தன் 'நோம்' முறையால் 22 லட்சம் புதுப் படிக அமைப்புகளைக் கணித்ததாக அறிவித்தது. அணுக்களுக்கிடையிலான விசைகளை இயந்திரக் கற்றலால் கணிக்கும் மாதிரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. விஷனின் அவசரம் எங்கள் பக்கமும் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அந்த மாதிரிகளைப் பயிற்றுவிப்பதும் பெரும்பாலும் டிஎஃப்டி எண்களை வைத்துத்தான் என்பதால் இப்போதைக்கு எங்களுக்கு வேலை இருக்கிறது. இன்னும் ஐந்து ஆண்டு கழித்துப் பதிபவருக்கும் இதையே சொல்வேனா என்றால், தெரியவில்லை.