குழந்தை இருக்கும் வீட்டுக்கு நாய் தத்தெடுக்கிறீர்களா? 1,150 வெள்ளி போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும், விடு" என்று என் வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுவிடுவேன். போனது 1,150 வெள்ளி, மலேசிய ரிங்கிட். நேற்று ராத்திரிதான் நாயைத் தந்த பெண் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தாள்.

நாங்கள் இருப்பது பினாங்கு ஜெலுத்தோங்கில், தரைவீடு. மகளுக்கு ஆறு வயது, ஒரு வருஷமாக நாய் வேண்டும் என்று நச்சரிப்பு. கடையில் வாங்க எனக்கு மனமில்லை. 2015-இல் ரேபிஸ் என்று சொல்லி பினாங்கில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்களே, அது இன்னும் மனதில் இருக்கிறது. எடுத்தால் காப்பாற்றிய நாயைத்தான் எடுப்பது என்று இருந்தேன்.

இணையத்தில் இப்படி நாய்களுக்கு வீடு தேடித் தருகிற தனியாள் பக்கங்கள் நிறைய உண்டு. அதில் ஒன்றை நடத்துகிறவள்தான் அந்தப் பெண். நல்ல தமிழில் பேசினாள், அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன். மீதியை அந்த வீடியோ பார்த்துக்கொண்டது. ஒரு சின்னப் பையன் பழுப்பு நாயின் காதுக்குள் விரலை விடுகிறான், அது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது. "பிள்ளைங்க மடியிலதான் தூங்கும் க்கா. ரெண்டு வயசு, ஸ்பே பண்ணியாச்சு, ஊசி எல்லாம் போட்டாச்சு." ஸ்பே என்றால் கருத்தடை அறுவை. மகளுக்கு அந்த வீடியோவைக் காட்டியது என் முட்டாள்தனம். அப்புறம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

தத்துக் கட்டணம் 650, மூன்று மாதத்தில் திருப்பித் தரும் டெபாசிட் 300, கொண்டுவரும் செலவு 200. மொத்தம் 1,150 வெள்ளி, அன்றைக்கே அனுப்பினேன். வீட்டில் வந்து பார்க்கிறோம் என்றதற்கு, "ஃபாஸ்டர் வீட்டுல ஆள் இல்ல க்கா" என்றாள், நாயைத் தற்காலிகமாக வைத்திருக்கிற வீடாம். ஜூரு டோல் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வைத்து நாயைக் கொடுத்தார்கள், அதுவும் வேறு யாரோ ஒரு பையன். ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

லட்டு என்று பெயர் வைத்தோம். முதல் வாரம் மூலையைவிட்டு எழவே இல்லை, சாது என்று நினைத்தோம். ஒன்பதாம் நாள் அதன் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் உருண்ட பந்தை எடுக்க மகள் குனிந்தாள். ஒரு உறுமல், அவ்வளவுதான், சட்டைக் கை கிழிந்து தொங்கியது. தோலில் படவில்லை, கடவுள் புண்ணியம். மறுநாள் காலை தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். "அம்மா, லட்டுக்கு அடிபட்டிருக்கு" என்று மகள் அழுகிறாள். அடியெல்லாம் இல்லை, நாய்க்குப் பருவம் வந்திருக்கிறது. ஸ்பே செய்த நாய்க்கு!

கால்நடை மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார், தையல் தழும்பே இல்லை. தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்றுகூடக் கிடையாது. மூன்று தேதி, மூன்றும் ஒரே நீலப் பேனா, கீழே கலங்கிய ஒரு முத்திரை. முத்திரையிலிருந்த கிளினிக்குக்கு நானே போன் செய்தேன். அப்படி ஒரு நாய் அங்கே வந்ததே இல்லையாம். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் வேறு, அதற்குத் தனியாக 380 வெள்ளி. பயந்துபோன நாய் அப்படித்தான் உறைந்து கிடக்கும், சில வாரம் போனால்தான் சுயகுணம் தெரியும் என்றார் மருத்துவர். நாய் மேல் எனக்குக் கோபமில்லை. பட்டினி கிடந்த உயிர், தட்டைக் காக்கத்தான் செய்யும்.

அந்தப் பெண்ணிடம் கேட்டால், முதலில் "டாக்டர் சரியா பார்த்திருக்க மாட்டார் க்கா". அடுத்து "பழக டைம் குடுங்க". டெபாசிட்டைக் கேட்டதும் அக்கா போய்விட்டது: "அது டொனேஷன், திருப்பித் தர மாட்டோம். உங்களை மாதிரி ஆளுக்கு நாயைக் குடுத்ததே தப்பு." வீடியோவில் இருந்த பையன் யார் என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் பிளாக்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. நாய் இருக்கிற இடத்துக்கே போய்ப் பாருங்கள், பிள்ளையோடு, இரண்டு தடவையாவது. அது சாப்பிடும்போது தூரத்தில் நின்று கவனியுங்கள். அட்டையில் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள், கிளினிக்குக்கு நீங்களே போன் செய்யுங்கள். காசு அனுப்புமுன் கணக்கு எண்ணை போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள், மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும். ஏமாந்தது தெரிந்த உடனே மோசடிப் புகார் எண் 997-க்கு அழையுங்கள், என்னைப் போல வாரக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள்.

இன்று காலை என் தங்கையின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அதே வீடியோ, அதே பையன், அதே காது. நாய்க்குப் பெயர் மட்டும் வேறு, கட்டணம் 750 வெள்ளி. கீழே ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "எனக்கு நாலு வயசுப் பையன், சரிப்பட்டு வருமா?" தங்கை பெயரிலேயே அவருக்குப் பதில் போட்டேன். பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டார்கள்.