740 யூரோவை இழந்தேன்: நசரே பாறைமுனையில் அறை தேடுவோர் கவனத்துக்கு

நான்கு நாட்களுக்கு முன், போர்ச்சுகலின் நசரே நகரில், பாறைமுனையின் மேலுள்ள சீத்தியு பகுதியில், எழுபத்தொரு வயதுத் தாயாரையும் இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு, எங்களை யாருமே எதிர்பார்த்திராத ஒரு வீட்டு வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். அந்த வீட்டில் ஐந்து இரவுகள் தங்குவதற்காக 740 யூரோவை மூன்று வாரங்களுக்கு முன்பே கட்டியிருந்தேன். அங்கே அறை தேடுவோர் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் ஆண்டு தவறாமல் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகிறவர். நசரே மாதாவின் திருநாளும் அதே செப்டம்பர் 8 தான் என்று அறிந்ததிலிருந்து, ஒரு முறையாவது அங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடற்கரையும் கடைவீதியும் கீழே இருக்க, பேராலயமும் நினைவுச் சிற்றாலயமும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 110 மீட்டர் உயரத்தில், சீத்தியுவில் இருக்கின்றன. மேலே போக 1889-இல் திறக்கப்பட்ட இழுவை ரயில் உண்டு என்றாலும், முழங்கால் வலியுள்ளவரைத் தினமும் வரிசையில் நிறுத்த மனமில்லாமல், மேலேயே வீடு வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடினேன். திருவிழா நேரத்தில் மேலே வீடு கிடைப்பது அரிது. அந்த அவசரம்தான் என்னை மாட்டிவிட்டது.

பலரும் பயன்படுத்தும் ஒரு தங்குமிட முன்பதிவுத் தளத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். விலை 820 யூரோ. மாடத்திலிருந்து எடுத்ததாகப் போட்டிருந்த படத்தில், பிறை போல வளைந்த கடற்கரை முழுவதும் காலடியில் கிடந்தது. உரிமையாளர் என்று சொல்லிக்கொண்டவர், தளத்தின் தரகுத் தொகை இல்லாமல் நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் 740 யூரோ போதும் என்று எழுதினார். நான் தயங்கினேன் என்பது உண்மை. ஆனால் அடுத்த கடிதத்தில் அவர், தம் பாட்டி நசரேப் பெண்களின் வழக்கப்படி ஏழு பாவாடை உடுத்திக் கடற்கரையில் மீன் காய வைத்து விற்றவர் என்றும், 1182-இல் பனிமூட்டத்தில் மானைத் துரத்திவந்த தோன் ஃபுவாஸ் என்னும் பிரபு மாதாவை வேண்டியதும் குதிரை பாறை விளிம்பில் நின்றுவிட்டது என்னும் கதையைச் சிறுவயதில் அந்தப் பாட்டிதான் சொன்னார் என்றும் எழுதி, என் தாயாருக்காக வாசல் படியில் ஒரு நாற்காலி போட்டு வைப்பதாகவும் முடித்திருந்தார். அந்த நாற்காலியில்தான் நான் விழுந்தேன். அன்றிரவே பணம் அனுப்பினேன்.

கதவைத் திறந்த மூதாட்டிக்கு எங்கள் தாள்களைப் பார்த்தவுடனேயே விஷயம் புரிந்துவிட்டது. தாம் வீட்டை வாடகைக்கு விடுவதே இல்லை என்று கையசைத்துச் சொல்லிவிட்டு, உள்ளே போய் என் தாயாருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். மாடம் கடலைப் பார்க்கவே இல்லை. எதிர்வீட்டுத் துணிக்கொடியைத்தான் பார்த்தது. மறுநாள் சுபெர்கு காட்சிமுனையில் நின்றபோது, விளம்பரப் படத்தின் ஓரத்தில் கண்ட அதே கல்சுவர் என் இடுப்பளவில் நின்றது. எவரும் காசில்லாமல் நின்று பார்க்கும் காட்சியை என்னிடம் 740 யூரோவுக்கு விற்றிருக்கிறார்கள்.

அதன் பிறகு தட்டிக்கழிப்பு தொடங்கியது. தளத்தின் வாடிக்கையாளர் சேவை, பணம் தங்கள் வழியாக வரவில்லை என்பதால் பொறுப்பில்லை என்றது. விளம்பரத்தைச் சரிபார்க்காமல் போட்டது யார் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதிலை, ஒரே எழுத்துப்பிழையுடன் அனுப்பினார்கள். வங்கியோ, நானே ஒப்புதல் தந்து அனுப்பிய தொகையைத் திரும்பப் பெறுவது பெறுபவரின் வங்கியைப் பொறுத்தது என்று சொல்லி, காவல்துறைப் புகாரின் மொழிபெயர்ப்பைக் கேட்கிறது. காவல் நிலையத்தில் மட்டும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆனால் 740 யூரோ திரும்பும் என்று அவர்களும் சொல்லவில்லை. வாசலில் நின்ற அன்றிரவு கீழே ஒரு விடுதியில் கிடைத்த அறைக்குக் கொடுத்தது தனிக்கணக்கு.

விரிவாக எழுதப் பொழுதில்லை, இவற்றையாவது கவனியுங்கள். போர்ச்சுகலில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீட்டுக்கு 'உள்ளூர்த் தங்கல்' பதிவு எண் இருக்க வேண்டும்; விளம்பரத்தில் அந்த எண் இல்லையென்றால் விலகிவிடுங்கள், இருந்தாலும் அரசுப் பதிவேட்டில் முகவரியோடு ஒத்துப்பாருங்கள். போர்ச்சுகல் வங்கிக் கணக்கின் ஐபேன் எண், அதாவது பன்னாட்டு வங்கிக் கணக்கு எண், பி.டி. (PT) என்று தொடங்கும், எனக்குத் தந்த எண் வேறொரு நாட்டினுடையது, அதைப் பார்த்தும் நான் கேட்கவில்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால், எத்தனை பாட்டிகள் கதையில் வந்தாலும் அனுப்பாதீர்கள். வங்கி கேட்ட மொழிபெயர்ப்பை இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும் என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.