பெல்மன்–போர்ட் படிமுறை: லொறிக் கணக்கில் நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

திருகோணமலையில் சித்தப்பாவின் லொறிக் கணக்கை நான் பார்க்கிறேன். வெறும் லொறி ஓடினால் டீசல் செலவு. வழியில் வாடகைச் சுமை அகப்பட்டால் அந்தத் துண்டு ஓட்டம் வரவு. செலவுக் கணக்கில் வரவு மறைப் பெறுமானமாக (கழித்தல் எண்ணாக) விழும். மிகக் குறைந்த செலவுப் பாதையைக் கண்டுபிடிக்க நெடுங்காலமாகப் பெல்மன்–போர்ட்டைத்தான் நம்புகிறேன்.

இதே வேலைக்குக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட படிமுறை வேகமானது, ஆனால் இங்கே பொய்க்கும். கந்தளாய், ஹபரணை வழியாகத் தம்புள்ளைக்கு 6 ஆயிரம் ரூபாய் என்போம். ஹொரவப்பொத்தானை வழியாக அனுராதபுரத்துக்கு 8. அங்கிருந்து தம்புள்ளைக்குச் சுமை கிடைப்பதால் −3. சுற்றிப் போனால் 5தான். டைக்ஸ்ட்ராவோ 8ஐத் தொடுமுன்னரே தம்புள்ளைக்கு 6 என்று முடிவுகட்டிவிடும். எல்லா எண்களோடும் 3ஐக் கூட்டி மறையைப் போக்கலாமே என்று பலர் சொல்வார்கள். கூட்டிப் பாருங்கள்: நேர்வழி 9, சுற்றுவழி 11. துண்டுகள் கூடிய பாதைக்குத் தண்டமும் கூடிவிடுகிறது.

போர்ட் 1956இலும் பெல்மன் 1958இலும் எழுதிய முறை அவசரப்படாது. ஊர்கள் n என்றால், எல்லாத் தெருக்களையும், அவற்றால் எந்த ஊருக்கும் செலவு குறைகிறதா என்று, n−1 தடவை சரிபார்க்கும். அதன்பின்னும் ஒரு தடவை பார்க்கையில் ஏதாவதோர் எண் குறைந்தால், மறைச் சுற்று, அதாவது புறப்பட்ட ஊருக்கே திரும்பினால் மொத்தச் செலவு பூச்சியத்துக்குக் கீழே போகும் வழி, இருக்கிறது என்று பொருள். நூற்றுக்கும் குறைவான ஊர்களுக்கு வேகம் ஒரு பொருட்டே அல்ல.

அந்தக் கடைசித் தடவைதான் இதன் பெரும் பயன். தம்புள்ளைக்குக் கருவாடு, திரும்பும்போது மரக்கறி என்று இரு பக்கமும் சுமை கிடைத்தபோது, நான் பயன்படுத்தும் நெட்வொர்க்எக்ஸ் என்ற பைதன் நிரல் நூலகம் விடை தர மறுத்து நின்றது. “பாதையே இல்லையென்றால் லொறி எப்படி ஓடுகிறது, மகன்?” என்றார் சித்தப்பா. ஒவ்வொரு சுற்றுக்கும் செலவு இன்னும் குறைவதால், ‘மிகக் குறைந்தது’ என ஒன்று இல்லாமல் போகிறது. அந்தச் சுற்றிலுள்ள ஊர்களையே எடுத்துத் தரும் வசதியும் நூலகத்தில் உண்டு. வியாபாரிக்கு வேண்டிய தகவல் அதுதான்!

வாரத் திட்டம் போட, ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனி முனை (படத்தில் ஒரு புள்ளி) வைத்தேன்: திங்கள் தம்புள்ளை வேறு, செவ்வாய் தம்புள்ளை வேறு. நாள் பின்னோக்கிப் போகாததால் சுற்றே உருவாகாது. நாள் வரிசையில் ஒரே தடவை பார்த்தால் விடை வந்துவிடும், மறை எண் இருந்தாலும். இப்போது வாரத் திட்டம் இப்படித்தான் நடக்கிறது. புதிய வாடகை வந்தால், இலாபம் தரும் சுற்று எது என்று தேட மட்டும் பழைய ஊர்ப்படத்தில் பெல்மன்–போர்ட்டை ஓட்டுகிறேன்.