பிள்ளையளுக்கு அம்மான்ர கான்சரைச் சொல்லுறதோ, ஒளிக்கிறதோ?

அக்காவுக்கு மார்பில கான்சர் எண்டு தெரிஞ்ச அண்டைக்கே வீட்டில ரெண்டு கட்சி. அத்தான்ர அம்மா "பிள்ளையளுக்கு மூச்சும் விடாதையுங்கோ" எண்டு நிண்டா, கனடா மாமா வட்ஸ்அப்பில "எல்லாத்தையும் சொல்லிப்போடுங்கோ" எண்டார். மகளுக்கு 13, மகனுக்கு 6. ரெண்டையும் செய்து பாத்திட்டுத்தான் மூண்டாவதுக்கு வந்தனாங்கள்.

ஒளிக்கிறதில லாபம் பெரியாக்களுக்குத்தான், பிள்ளையள் அழுறதைப் பாக்கத் தேவையில்லை. முந்தியெண்டால் மகரகம கான்சர் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும், "கொழும்பில அலுவல்" எண்டு சமாளிக்கலாம். 2011ல சனம் தெற்கில இருந்து பருத்தித்துறை மட்டும் நடந்து காசு சேத்து, இப்ப இஞ்ச யாழ்ப்பாணத்தில தெல்லிப்பழையிலயே கான்சர் ஆஸ்பத்திரி இருக்கு, காலமை போய் பின்னேரம் வாறவவை என்னெண்டு ஒளிக்கிறது? அல்சர் எண்டு சொல்லிவைச்சம். மூத்தவ மருந்துத் துண்டைப் பாத்து போனில தேடிக் கண்டுபிடிச்சிட்டு ரெண்டு கிழமை ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. சின்னவன் அதைவிட மோசம், தான் விளையாடேக்க அம்மான்ர நெஞ்சில விழுந்ததாலதான் வருத்தம் வந்தது எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறான். அந்த வயசில எது நடந்தாலும் தங்களாலதான் எண்டு நினைப்பினம், சொல்லாட்டி அந்த நினைப்பு வளரும்.

மாமான்ர முறையில பொய் இல்லை, அது சரி. ஆனா ஸ்டேஜ், ஒபரேசன், கீமோ, கதிர்ச் சிகிச்சை எண்டு ஒரே மூச்சில அடுக்க மூத்தவ தலையாட்டிக்கொண்டு இருந்தா, அடுத்தநாள் கேட்டால் கான்சர் எண்ட சொல்லுக்குப் பிறகு ஒண்டும் காதில ஏறேல்லையாம்.

கடைசியில அக்காவே சொன்னா, கொஞ்சம் கொஞ்சமா. சின்னவனுக்கு முதல் நாள் மூண்டே விசயம்: இதுக்குப் பேர் கான்சர், நீ விழுந்ததால வரேல்லை, தொட்டால் ஒட்டாது. கீமோ தொடங்கி ரெண்டு மூண்டு கிழமையில முடி கொட்டும் எண்டதை முதலே சொல்லிவைச்சது பெரிய உதவி, பள்ளிக்கூடத்தில "கொம்மா சன்னதியில மொட்டை போட்டவவோ" எண்டு கேட்டவங்களுக்கு "மருந்தால, திருப்பி வளரும்" எண்டு தானே சொல்லிப்போட்டு வந்தான். ஒருக்கா அவனுக்குத் தடிமன் வர கிட்டப் போகாதை எண்டு மறிச்சம், உடன முகம் சுருங்கிப்போச்சு. ஒட்டாது எண்டவை இப்ப ஏன் மறிக்கினம்? கீமோவால கிருமியோட சண்டைபிடிக்கிற பலம் அம்மாவுக்குக் குறையுது, உன்ர தடிமன்தான் அவவுக்கு ஒட்டும், மாறினோடன வா எண்டு விளங்கப்படுத்தவேண்டி வந்தது.

பேந்து ஒருநாள் "அம்மா செத்துப் போவியளோ" எண்டு கேட்டான். அப்பம்மா "சீ, வாயைக் கழுவு" எண்டா. அக்கா மட்டும், "டொக்டர்மார் சுகப்படுத்தத்தான் மருந்து தருகினம், சுகம் வருமெண்டு நான் நம்புறன், ஏதும் மாறினால் உனக்கு ஒளிக்கமாட்டன்" எண்டா.

கொஞ்சநேரம் யோசிச்சிட்டுக் கேட்டான், "அப்ப நாளைக்கு ஆர் என்னைப் பள்ளிக்கூடம் ஏத்துறது, சித்தியோ?"