பன்னிரண்டு படம், மூன்று வழி: தொட்டால் பெரிதாக எது தோது?

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் ஒன்றுகூடினோம். தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது படங்கள்தான். பன்னிரண்டு படங்களை ஒரே ஸ்லைடில் அடுக்கி, எதைத் தொட்டாலும் அது திரை நிறைய வர வேண்டும், மறுபடி தொட்டால் இடத்துக்குத் திரும்ப வேண்டும். இது என் தலையில் விழுந்த வேலை. பவர்பாயிண்டில் மூன்று வழிகளைச் செய்து பார்த்துவிட்டு ஸ்லைடு ஜூமில் (சின்னப் படத்தைத் தொட்டால் அதன் ஸ்லைடு பெரிதாக வரும் வசதி) போய் நின்றேன்.

படத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும் குரோ/ஷ்ரிங்க் அனிமேஷனை, அந்தப் படத்தைத் தொட்டாலே ஓடும்படி (டிரிகர்) வைக்கலாம். பழைய பதிப்பிலும் ஓடும், அது ஒன்றுதான் அதன் பெருமை. படம் தன் நடுவிலிருந்து விரிவதால் மூலைப் படம் பாதி திரைக்கு வெளியே போய்விடும். அதை உள்ளே இழுக்க, படத்தை நகர்த்தும் மோஷன் பாத் அனிமேஷன் வேறு. இரண்டு மூன்று படம் என்றால் சரி.

அடுத்தது மார்ஃப்: ஒரு ஸ்லைடில் சின்னதாகவும் அடுத்ததில் பெரிதாகவும் வைத்த படத்தை வழுக்கிக்கொண்டு வளர வைக்கும் ஸ்லைடு மாற்றம். அதுதான் கண்ணுக்கு அழகு, அதில் சந்தேகமில்லை. முதலில் நானும் அதில்தான் செய்தேன். ஆனால் பன்னிரண்டு படத்துக்குப் பதின்மூன்று ஸ்லைடு, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு படமும் இருக்க வேண்டும், மேலே லிங்க்குகள்.

முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் வந்தது. "அண்ணே, பிரட்டுக் களத்துப் படம் எங்க அத்தை வீட்ல தெளிவா இருக்கு, இதப் போடுங்க." (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடும் இடம்தான் பிரட்டுக் களம்.) பின்னாலேயே இன்னும் இரண்டு. மூன்று படம், பதின்மூன்று இடம்: முப்பத்தொன்பது தடவை மாற்ற வேண்டும். மாற்றினேன். ஓட்டிப் பார்த்தால் ஏழாவது ஸ்லைடில் பழைய மங்கல் படமே பல்லிளித்தது.

அந்த இரவே எல்லாவற்றையும் ஜூமுக்கு மாற்றினேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஸ்லைடு. இடது ஓரத்திலிருந்து அதை இழுத்து முதல் ஸ்லைடில் விட்டால் சின்னப் படமாக உட்காரும். 'ரிட்டர்ன் டு ஜூம்' டிக் செய்தால் தானே திரும்பி வரும். படத்தை மாற்ற வேண்டுமா? அந்த ஒரு ஸ்லைடில் மாற்றினால் போதும், சின்னப் படமும் கூடவே மாறிக்கொள்ளும். சின்னப் படத்துக்கு நீங்களாகத் தனிப் படம் வைத்திருந்தால் மட்டும் மாறாது.

ஆட்கள் கூட்டமாக நிற்கும் படங்களில் இன்னொன்றும் செய்தேன். முகங்களை மட்டும் வெட்டி, அதே ஸ்லைடில் ஃபேடாக (மெல்லத் தெரிவதாக) வர வைத்தேன். ஒரு கிளிக்கில் முகம், அடுத்த கிளிக்கில் திரும்பிவிடும். ஸ்கேனை நுழைப்பதற்கு முன்பே ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டில் போய்ப் படத்தைச் சுருக்காதே என்று டிக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் முகம் கஞ்சி மாதிரி தெரியும்.

ஜூமும் மார்ஃபும் செய்ய பவர்பாயிண்ட் 2019 அல்லது அதற்குப் பிந்திய பதிப்போ, மைக்ரோசாஃப்ட் 365ஓ வேண்டும். பழையதில் திறந்தால் மார்ஃப் வெறும் ஃபேடாகிவிடும், ஜூம் சாதாரண லிங்க் ஆகிவிடும், தானே திரும்பாது. மண்டபத்து மடிக்கணினியை நம்பாமல் ஒவ்வொரு ஸ்லைடிலும் 'திரும்பு' என்று ஒரு சின்னப் பட்டன் வைத்தேன். கூகுள் ஸ்லைட்ஸில் இரண்டுமே கிடையாது, லிங்க் மட்டும்தான். மேக்கில் நான் இதைத் தொட்டதில்லை.

மறுநாள் ஒரு பாட்டி திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "கங்காணிக்குப் பின்னால வாளி புடிச்சிட்டு நிக்கிறது யாருப்பா?" கிளிக் செய்தேன். "எங்க அக்கா," என்றார். நான் அடுத்த கிளிக்கை அழுத்தவில்லை.